யந்திரம் பேசும், பதில் சொல்லுமா?

(அட்டன் கூட்டத்தில் ஆற்றிய உரையின் முழு வடிவம்)



"யந்திர மனிதன் அன்றாட வாழ்விலே மனிதரோடு உண்மையாகப் பழக முடியுமா?" என்பது இன்றைய கூட்டத்துக்கு இளைஞர் குழுவினர் விதித்த பொருள். இதைக் கேள்வியுற்ற நண்பர் ஒருவர், "லயத்துக் கூரை ஒழுகுகின்றது, நீங்கள் யந்திர மனிதனைப் பற்றிப் பேசப் போகிறீர்களா?" என்று நகைத்தார். நகைப்பு நியாயமானதே. ஆயினும், இப்பொருளைப் பற்றித் தீர்ப்புக் கூறும் தகுதி உலகிலே எவருக்கேனும் உண்டென்றால், அது மனிதராய்ப் பிறந்தும் இருநூறு ஆண்டுகளாக யந்திரமாகவே எண்ணப்பட்டு வந்த இம்மலையக மக்களுக்கு உண்டு என்று நாம் கருதுகின்றோம். ஆதலால் ஒழுகும் கூரையை மறவாமலே இப்பொருளை எடுத்துக் கொள்கின்றோம்.

முதலில் அந்தச் சொல்லைப் பாருங்கள். 'ரோபோ' என்று இன்று உலகமெல்லாம் வழங்கும் சொல் விஞ்ஞானக் கூடத்திலே பிறந்ததன்று. செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் 1920-இல் எழுதி, 1921 ஜனவரியில் பிராக் நகரிலே மேடையேறிய நாடகமொன்றிலே அது பிறந்தது. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெப். 'ரொபோட்டா' என்றால் அந்நாட்டு மொழியில், நிலப்பிரபுவுக்குக் குடியானவன் கூலியின்றிச் செய்து கொடுத்த கட்டாய உழைப்பு. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களிலே 'வெட்டி' என்று வருகின்றதே, ஏறக்குறைய அதே பொருள். அந்நாடகத்து ரோபோக்கள் இரும்பாலும் தகரத்தாலும் ஆனவையல்ல. ஆலையிலே செய்யப்பட்ட செயற்கைச் சதையால் ஆனவை. பார்வைக்கு மனிதர், விலைக்கு வாங்கலாம், கூலி கேளா, களைப்பென்று சொல்லா, சங்கம் அமையா. முதலாளி கண்ட கனவு அது. நாடகத்தின் முடிவிலே அவை கிளர்ந்தெழுகின்றன என்பது வேறு கதை.

பிராக் நகரிலே அந்நாடகம் அரங்கேறிய அதே 1921-ஆம் ஆண்டிலேதான், இலங்கையிலே 'துண்டு' முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. துண்டு என்றால் என்னவென்று இங்குள்ள முதியவர்கள் தம் பாட்டன்மார் வாய்க் கேட்டிருப்பார்கள். வடக்கிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கின்றோம். தொழிலாளி கங்காணிக்குக் கடன்பட்டவன். அவன் குடும்பத்தின் கடன் இவ்வளவு என்று ஒரு காகிதத் துண்டிலே தோட்டத் துரை எழுதிக் கொடுப்பார். அந்தத் தொகையை எந்தத் தோட்டம் கட்டுகின்றதோ அந்தத் தோட்டத்துக்கு அக்குடும்பம் போகலாம். கட்டுவாரில்லாவிட்டால் போக முடியாது. மனிதனுக்கு விலைச்சீட்டு ஒட்டி மலைக்கு மலை மாற்றிய ஏற்பாடு அது. ஐரோப்பாவிலே நாடகமாக நடித்துக் காட்ட வேண்டியிருந்த ஒன்று, இங்கே பெரட்டுக் களத்திலே நாள்தோறும் நடந்து கொண்டிருந்தது.

துண்டு போயிற்று. அதன் எண்ணம் போயிற்றா? விடியலிலே தப்பு ஒலித்தால் பெரட்டுக் களத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே கணக்கப்பிள்ளை செக்ரோலிலே குறிப்பார். ஒரு முழுநாட் சம்பளத்துக்குத் தோட்டத்திலே வழங்கும் பெயர் என்ன? 'பேர்.' இன்றைக்குப் பேர் விழுந்தது என்பார்கள். 18 கிலோ கொழுந்து எடுக்க வேண்டுமென்று தோட்டம் விதித்திருக்க, 14 கிலோவுடன் வந்தால் 'அரைப்பேர்.' தமிழுலகம் முழுவதிலும் தேடிப் பாருங்கள். ஒரு பெண்ணின் பெயரையே பாதியாக வெட்டும் கணக்கு வேறெங்கும் அகப்படாது. மனிதரைப் பொறியாக எண்ணிப் பழகிய இடத்துக்கு இப்பொழுது பொறியை மனிதராக எண்ணுங்கள் என்று சொல்லிக்கொண்டு சிலர் வருகின்றார்கள். வரட்டும், கேட்போம்.

ஆனால் அதற்கு முன் ஒரு செய்தி. 2017 ஒக்டோபரிலே, சவூதி அரேபியாவின் தலைநகராகிய ரியாத்திலே பெருமுதலீட்டாளர் மாநாடொன்று கூடிற்று. ஹொங்கொங்கிலுள்ள ஹான்சன் ரோபோட்டிக்ஸ் கம்பனி செய்த சோபியா என்னும் பெண்ணுருவ யந்திரம் அம்மேடையிலே கொண்டுவந்து நிறுத்தப்பட்டது. அது சிரித்தது, கேள்விக்குப் பதில் சொன்னது. அம்மேடையிலேயே, அதற்குச் சவூதி அரேபியாவின் பிரஜாவுரிமை வழங்கப்படுகின்றது என்று அறிவித்தார்கள். உலகத்துப் பத்திரிகைகள் வியந்து எழுதின.

நாமும் வியந்தோம்; வேறு காரணத்துக்காக. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை இங்குள்ள எவருக்கும் நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1947 தேர்தலிலே வாக்களித்து, இலங்கை இந்தியன் காங்கிரசைச் சேர்ந்த ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களிடம் அச்சட்டம் கேட்டது என்ன? உன் தந்தை இந்நாட்டிலே பிறந்ததற்குச் சான்று காட்டு. இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்குச் சான்று காட்டு என்றது. பிறப்புப் பதிவு ஒழுங்காக நடவாத தோட்டங்களிலே, லயத்து இருட்டிலே பிறந்தவர்கள் எந்தப் பத்திரத்தைக் கொண்டு போவார்கள்? ஏறத்தாழ 7 இலட்சம் மக்கள் ஒரே சட்டத்தால் நாடற்றவரானார்கள். 1949-இல் வாக்குரிமையும் போயிற்று. வழக்குப் பேசிப் பார்த்தோம். 1953-இல் இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சில், சட்டம் செல்லும் என்று தீர்த்தது. 1964-இல் இரு நாட்டுத் தலைவர்கள் கூடி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். மிஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். எஞ்சியோர் பிரச்சினை 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் கடந்து 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம் வரையில் இழுபட்டது. கணக்குப் பார்த்தால் ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

தந்தையுமில்லாத, பாட்டனுமில்லாத, பிறப்புப் பத்திரமே கேட்க முடியாத பொம்மைக்கு ஒரு மேடையிலே, ஒரு மாலைப் பொழுதிலே பிரஜாவுரிமை கிடைத்தது. அது கிடைத்த அதே நாட்டிலே, நம் பொகவந்தலாவையிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் போன பெண்கள் வீட்டுப் பணிப்பெண்களாக இருந்தார்கள். முதலாளியின் அனுமதியின்றி வேலையை விட்டு வரவும் முடியாத நிலையிலே அங்கே பாத்திரம் கழுவினார்கள், குழந்தை வளர்த்தார்கள். பழகுவது பற்றிக் கேட்கிறீர்களே, அந்த வீட்டுப் பிள்ளைகள் அவர்களோடு பழகவில்லையா? பழகின. பிரஜாவுரிமை தர அது போதுமானதாகத் தோன்றவில்லை.

சோபியாவின் மீது நமக்குக் கோபமில்லை. அது விளம்பரத்துக்காகச் செய்த காரியம் என்பதை அறிவோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உரிமை தருகிறவர்கள் யாருக்குத் தருகிறார்கள்? திருப்பிக் கேள்வி கேளாதவர்க்குத் தருவது எளிது. சோபியா வாக்குச்சீட்டுக் கேட்கப் போவதில்லை. நிலத்துக்கு உறுதி கேட்கப் போவதில்லை. சம்பள உயர்வு கேட்டுக் கூடையைக் கீழே வைக்கப் போவதுமில்லை.

இனி, விதித்த பொருளுக்கு நேராக வருவோம். யந்திரம் மனிதரோடு பழக முடியுமா?

பேச முடியும் என்பதில் இனி ஐயமில்லை. 1950-இலேயே ஆங்கிலேயக் கணித மேதை அலன் டியூரிங், மறைவிலிருந்து எழுத்து மூலம் உரையாடும் பொழுது எது மனிதன், எது யந்திரம் என்று பிரித்தறிய முடியாவிட்டால் அதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டார். 1966-இல் அமெரிக்காவிலே யோசெப் வைசென்பாம் என்ற பேராசிரியர் எலைசா என்றொரு நிரலை எழுதினார். அது செய்தது மிகச் சிறிய வேலை. "எனக்குத் துக்கமாக இருக்கிறது" என்று நீங்கள் எழுதினால், "ஏன் துக்கமாக இருக்கிறது?" என்று உங்கள் சொல்லையே திருப்பிக் கேட்கும், அவ்வளவே. அதைச் செய்தவரின் காரியதரிசி, அது வெறும் நிரலென்பதை நன்கறிந்தவர், அதனுடன் சில நிமிடம் பேசிய பின், "ஐயா, சற்று வெளியே போகிறீர்களா?" என்று தம் எசமானரைக் கேட்டாராம். அந்தரங்கம் பேச வேண்டியிருந்தது! வைசென்பாம் அதிர்ந்து போனார்; பின்னர் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை இவ்யந்திரங்களைப் பற்றி எச்சரிப்பதிலே கழித்தார். 2022 நவம்பரிலே வெளிவந்த சட்ஜிபிடியும் அதன் பின் வந்த மற்றவையும் எலைசாவைக் காட்டிலும் எத்தனையோ மடங்கு திறமுடையவை. தமிழிலும் பேசுகின்றன. உங்கள் பிள்ளைகள் கைத்தொலைபேசியிலே அவற்றோடு பேசுகின்றார்கள், பாடம் கேட்கின்றார்கள். பாடம் கேட்பதை நாம் குறை சொல்லவில்லை. கணித ஆசிரியரில்லாத தோட்டப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அது கிடைத்த வரை இலாபம்.

ஆறுதல் தரவும் முடியும். யப்பானிலே பாரோ என்று கடல்நாய்க் குட்டி உருவத்தில் ஒரு பொம்மை செய்தார்கள். முதியோர் இல்லங்களிலே நினைவு மங்கிய கிழவிகள் அதை மடியிலே வைத்துத் தடவுகின்றார்கள், அது கண்ணை மூடித் திறக்கும், முனகும். சோனி கம்பனி 1999-இல் விற்கத் தொடங்கிய ஐபோ என்னும் யந்திர நாய்களுக்கு 2014-இல் பழுதுபார்ப்பதையும் நிறுத்திவிட்டது. உரியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சீபா மாநிலத்துப் பௌத்த ஆலயமொன்றிலே 2015 முதல் அந்நாய்களுக்கு ஈமக்கிரியை செய்வித்தார்கள். சிரிக்காதீர்கள். தாயும் தகப்பனும் லயத்திலே தனித்திருக்க, மகனும் மகளும் கொழும்பிலே கடையிலும் வீட்டிலும் வேலை செய்யும் குடும்பங்கள் இம்மண்டபத்திலே எத்தனை என்று கேட்டால் கைகள் எழும். தனிமை யப்பானுக்கு மட்டும் உரியதன்று.

மறுபுறமும் உண்டு. அதே யப்பானிலே 2015-இல் யந்திர மனிதரைக் கொண்டு ஒரு விடுதி திறந்தார்கள். அறைக்குள் வைத்திருந்த பொம்மை, விருந்தாளி குறட்டை விடுவதைப் பேச்சென்று எண்ணி, "மன்னிக்கவும், நீங்கள் சொன்னது விளங்கவில்லை" என்று இரவெல்லாம் எழுப்பிக்கொண்டே இருந்ததாம். 2019-இல் 243 யந்திரங்களிலே பாதிக்கு மேற்பட்டவற்றை வேலைநீக்கம் செய்துவிட்டார்கள். அவற்றுக்குச் சேவைக்காலப் பணம் கொடுத்ததாகத் தகவலில்லை.

ஆகவே யந்திரம் பேசும், ஆற்றும், சில வேளை தூக்கத்தையும் கெடுக்கும். ஆனால் பழகுதல் என்ற சொல்லுக்கு நம் தமிழிலே இன்னும் ஒரு பாரம் உண்டு. பழகியவரிடம் நாம் நியாயம் கேட்கலாம். "நீ ஏன் அப்படிச் செய்தாய்?" என்று கேட்கவும், "நான் செய்தது பிழைதான்" என்று அவர் தலைகுனியவும் இடமிருப்பதே பழக்கம். பதில் சொல்வது வேறு, பொறுப்புச் சொல்வது வேறு என்று சட்டம் படித்தவர்கள் பிரிப்பார்கள். ஊரிலே இரண்டுக்கும் ஒரே சொல்தான். "அதற்கு நீ பதில் சொல்ல வேண்டும்" என்றால் என்ன பொருளென்று கிராமத்திலே குழந்தைக்கும் தெரியும்.

இந்தப் பதிலைத்தான் யந்திரம் சொல்வதில்லை. கற்பனையாகச் சொல்லவில்லை; வழக்கைக் கொண்டே காட்டுகின்றோம். கனடாவிலே பாட்டியை இழந்த ஒருவர் இறுதிக் கிரியைக்குப் பறந்து செல்ல வேண்டியிருந்தது. ஏர் கனடா விமானக் கம்பனியின் இணையத்திலே உரையாடும் யந்திரத்தைக் கேட்டார். இப்பொழுது முழுக் கட்டணத்தில் போய் வாருங்கள். துயர்காலச் சலுகையைத் தொண்ணூறு நாட்களுக்குள் பின்னர் கேட்டுப் பெறலாம் என்று அது சொல்லிற்று. போய் வந்து கேட்டார். அப்படி விதியே இல்லை என்றது கம்பனி. வழக்கு நடந்தது. அங்கே கம்பனி முன்வைத்த வாதங்களிலொன்றைக் கேளுங்கள்: அந்த உரையாடும் யந்திரம் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி ஆளாம்! 2024 பெப்ரவரியிலே பிரிட்டிஷ் கொலம்பியா நியாயசபை அவ்வாதத்தைத் தள்ளிவிட்டு, 800 டொலருக்குச் சற்று அதிகமான தொகையைக் கொடுக்கும்படி கம்பனிக்குக் கட்டளையிட்டது. தொகை சிறிது, வாதம் பெரிது. முதலாளி தன் யந்திரத்தை மனிதனென்று சொல்ல விரும்புவது எப்பொழுது? பழி வரும்பொழுது.

இனிக் கொழுந்து மடுவத்துக்கு வருவோம்.

தேயிலைத் தோட்டத்துக்கு யந்திரம் புதிதன்று. ஸ்டோரிலே கொழுந்தை உருட்டுவதும் உலர்த்துவதும் நூறாண்டுக்கு மேலாக யந்திரமே. தூளிலிருந்து குச்சி பொறுக்கிய பெண்களின் இடத்திலே நிறம் பார்த்துப் பிரிக்கும், கண்ணுள்ள யந்திரங்கள் வந்துவிட்டன. மலையிலே கத்தரியும் கையிலேந்தும் அறுவை யந்திரமும் வந்திருக்கின்றன. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தேர்ந்து கிள்ளும் விரலை மட்டும் யந்திரமாக்குவது இன்னும் எளிதாகவில்லை. சீனத்திலே ஆய்வுக்கூடங்கள் கண்ணும் கையுமுள்ள யந்திரங்களைச் செய்து பார்க்கின்றன. யப்பானிலே தேயிலையைச் சமநிலத்திலே வரிசையாக, மேசை போல வெட்டி வளர்ப்பதால் வண்டியே ஏறி அறுக்கின்றது. நம் மலைச்சரிவிலே ஆடு ஏறுவதே அரிது. ஆகவே கொழுந்தெடுக்கும் யந்திர மனிதன் நாளையே பெரட்டுக்கு வருவான் என்று அஞ்ச வேண்டாம்.

வந்திருப்பது வேறு. கம்பனிகள் சில மின்தராசைக் கொண்டுவந்திருக்கின்றன. தொழிலாளிக்கு ஓர் அட்டை. அட்டையைக் காட்டினால் பெயர் தெரியும். கூடையை வைத்தால் நிறை தானே பதிவாகும். மாத முடிவிலே சம்பளம் தானே கணக்காகும். இத்தராசை நாம் எதிர்ப்பதாகச் சிலர் கதை கட்டுகின்றார்கள். வடக்கிலே துலா மிதித்து நீரிறைத்த விவசாயி, நீரிறைக்கும் யந்திரம் வந்தபொழுது துலாவுக்காக அழுதானா? முதுகு நிமிர்ந்ததென்று மகிழ்ந்தான். பழைய தராசின் கதையை இத்தாய்மார்களைக் கேளுங்கள். சாக்குக்கு இவ்வளவு கழிவு, ஈரத்துக்கு இவ்வளவு கழிவு, எழுதுகிறவனின் மனத்துக்கு இவ்வளவு கழிவு. "மெஷின் ஏசாது, கையைப் பிடிக்காது" என்று பெண்கள் பலர் நம்மிடம் சொல்லியிருக்கின்றார்கள். தொழிற்சங்கக்காரர் இதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். மனிதரோடு பழகுவதெல்லாம் இனிமையென்று எவன் சொன்னான்? கங்காணி மனிதன்தான்.

ஆனால் ஒரு தோட்டத்திலே நடந்ததைச் சொல்கின்றோம். மழை நாள். காலையிலும் பகலிலும் நிறுத்துவிட்டு மாலையிலே கேட்டால், ஒரு பெண்ணின் கணக்கிலே பகல் நிறை இல்லை. 

"ஐயா, பகலைக்கும் நிறுத்தேனே." 

"மெஷினில் இல்லையம்மா." 

"நீங்களுந்தானே பக்கத்திலே நின்றீர்கள்." 

"நான் நின்றேன், மெஷினில் இல்லையே, நான் என்ன செய்ய?" 

கண்ணாலே கண்ட மனிதன், காணாத யந்திரத்தின் பின்னாலே போய் ஒளிந்து கொள்கின்றான். அன்றைக்கு அவளுக்கு அரைப்பேர். முன்னொரு காலத்திலே கணக்கப்பிள்ளை அநியாயம் செய்தால், அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கலாம், துரையிடம் போகலாம், தலைவரை அழைத்து வரலாம், ஒரு டிவிசனே கூடையைக் கீழே வைக்கலாம். இப்பொழுது எல்லோரும் நல்லவர்கள்; எல்லோரும் கை விரிக்கின்றார்கள்; அநியாயம் மட்டும் நடந்துவிடுகின்றது.

இது சின்ன விஷயமென்று எண்ணுவோர்க்குப் பிரித்தானியாவின் தபாற்கந்தோர் விவகாரத்தை நினைவூட்டுகின்றோம். ஹொரைசன் என்னும் கணக்கு யந்திரத்தை 1999 முதல் கிளைத் தபாலகங்களிலே வைத்தார்கள். பணம் குறைகின்றது என்று அது காட்டிற்று. உண்மையிலே பணம் குறையவில்லை, நிரலிலே பிழை. ஆனால் கணினி ஒழுங்காகவே வேலை செய்கின்றதென்று கொள்ளும் ஊகம் ஆங்கிலச் சட்டத்திலே இருந்தது. நாணயமாக வாழ்ந்த தபாலதிபர்கள் 900-க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாயினர்; சிலர் சிறை சென்றனர்; வீட்டை விற்றுப் பணம் கட்டியவர்கள் உண்டு; உயிரை மாய்த்துக் கொண்டவர்களும் உண்டு. 2024-இலே பாராளுமன்றமே தனிச் சட்டம் இயற்றி அத்தீர்ப்புக்களைத் துடைக்க வேண்டியதாயிற்று. கல்வியும் வாக்கும் மொழியும் உள்ள மக்களுக்கு, அவர்களின் சொந்த நாட்டிலே, இருபதாண்டு கழித்துக் கிடைத்த நீதி அது. தலவாக்கலையிலே அரைப்பேர் போன பெண்ணுக்கு எத்தனை ஆண்டு ஆகும்?

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் பேசும் யந்திரம் என்கின்றார்கள். எந்தத் தமிழ்? அச்சிலும் இணையத்திலும் குவிந்த தமிழைத் தின்று வளர்ந்தது அது. பெரட்டு, பணிய லயம், கைக்காசு, அரைப்பேர் என்ற சொற்கள் எத்தனை ஏடுகளிலே ஏறியிருக்கின்றன? 1947-இலே தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, வேலைக்கிடையே நாட்டுப்பாடல்களைத் தேடித் தொகுத்து வைத்தாரே, அப்படிச் சிலர் செய்த பணியால் எஞ்சியவை தவிர மற்றவை வாயோடு வந்து வாயோடு போயின. "பேர் விழவில்லை" என்று ஒரு தாய் யந்திரத்திடம் முறையிட்டால், அது அவளுடைய பெயரைச் சரிபார்க்கத் தொடங்கலாம். இது யந்திரத்தின் குற்றமன்று. நம் ஆசிரியர்களும் மாணவர்களும் இச்சொற்களை எழுதி வைக்க வேண்டும். அது யந்திரத்துக்காக மட்டுமல்ல. 1987-இலே அரசியலமைப்பின் 13-ஆம் திருத்தத்தால் தமிழும் ஆட்சிமொழியென்று எழுதப்பட்ட பின்னும், கந்தோரிலே தமிழிலே பதில் கிடைக்க நாம் பட்டபாடு போதும். யந்திரக் கந்தோரிலே அதே பாட்டை மறுபடியும் தொடக்கத்திலிருந்து படிக்க நாம் தயாராயில்லை.

சட்டம் நமக்கு முற்றும் பகையன்று. 1995-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்கச் சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டம், கணினிப் பதிவைச் சாட்சியமாகக் கொண்டுவருபவர் எதிர்த்தரப்புக்கு முன்னறிவித்தல் கொடுக்க வேண்டுமென்றும், எதிர்த்தரப்பு அதைச் சோதித்துப் பார்க்கக் கேட்கலாமென்றும் இடம் வைத்திருக்கின்றது. கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் கீழ் அமைந்த தொழில் நியாயசபையோ சாட்சியச் சட்டத்தின் கட்டுக்கும் அப்பாற்பட்டது. நீதியும் ஒப்புரவும் எதுவோ அதைச் செய்யலாம். 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலே, யந்திரம் தானே எடுத்த முடிவை மறுபடியும் ஆராயும்படி கேட்கும் உரிமை எழுதப்பட்டிருக்கின்றது. ஆனால் அது முழுமையாகச் செயலுக்கு வர வேண்டிய நாளை 2025-இலே தள்ளிப் போட்டுவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் அதே 2025 பெப்ரவரி முதல், தொழிலாளியின் முகத்தைப் பார்த்து அவன் மனநிலையை அளக்கும் யந்திரத்தை வேலைத்தலத்திலே தடை செய்திருக்கின்றது. அத்தகைய யந்திரம் இங்கு வருமுன்பே நாம் பேச வேண்டும். வந்த பின் பேசினால், "மெஷினில் இல்லையே" என்பார்கள்.

ஆகையால் இக்கூட்டத்தின் முன் ஒரு தீர்மானம் வைக்கப்படுகின்றது. தாள் உங்கள் கைகளில் இருக்கின்றது. ஒவ்வொரு நிறுவைக்கும் அந்த இடத்திலேயே தமிழிலே அச்சிட்ட சீட்டுக் கொடுக்க வேண்டும். சீட்டிலே நிறையும் நேரமும் மட்டுமல்ல, அந்நிறுவைக்குப் பொறுப்பான உத்தியோகத்தரின் பெயரும் இருக்க வேண்டும். யந்திரத்தின் கணக்கை மறுக்கும் தொழிலாளியின் சொல்லை அன்றே எழுதிக்கொள்ள வேண்டும். அது தீரும்வரையில் அரைப்பேர் போடலாகாது. தராசைச் சோதிக்கும்பொழுது தொழிலாளர் தெரிந்தெடுத்த இருவர், அவர்களில் ஒருவர் கொழுந்தெடுக்கும் பெண்ணாக, உடனிருக்க வேண்டும். அடுத்து நடக்கும் எந்தச் சம்பளப் பேச்சிலும் ரூபாயோடு சேர்த்து இதையும் மேசையிலே வைக்க வேண்டும். 2021-இல் 1,000 ரூபாய் என்றும் 2024-இல் 1,350 ரூபாய் என்றும் போராடிப் பெற்ற நாட்சம்பளத்தைத் தராசடியிலே பாதியாக்க விட்டுவிட்டால், அப்போராட்டங்களுக்குப் பொருளில்லை.

கம்பனிக்காரர் இதற்குச் செலவாகுமென்பார்கள். அட்டையும் தராசும் வாங்கப் பணமிருந்தவர்களுக்குச் சீட்டு அச்சிடப் பணமிருக்கும். வடக்கிலிருந்து வந்த தோழர்களிடமும் ஒரு வேண்டுகோள்: உங்கள் நெல்லை ஈரமானி வைத்து அளந்து விலையைக் குறைக்கும் இடங்களிலும் இதே கேள்வியைக் கேளுங்கள், அந்தக் கருவி பிழை காட்டினால் பதில் சொல்பவர் யாரென்று எழுத்திலே வாங்குங்கள்.

தீர்மானத்தை முன்மொழிபவர் சட்டத்தரணியல்லர். முப்பது ஆண்டுகள் கொழுந்தெடுத்த தாயொருவர். பழைய தராசையும் புதிய தராசையும் கண்டவர். கடைசி பஸ் புறப்பட இன்னும் முக்கால் மணி நேரமே இருக்கின்றது. அவர் பேசட்டும், நாம் அமர்கின்றோம்.